எல்லாவற்றுக்கும் ஆம்

மைலிஸ் சிரிக்க வேண்டிய இடத்தில் ரூனே படகைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான்.

குன்வோர் வீடியோவை நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் ரூனே. காருக்குப் பின்னால் டிரெய்லர், டிரெய்லர் மேல் படகு, ஜன்னல் வழியே கழுத்தைத் திருப்பியபடி அவள் கணவனின் தம்பி ரூனே. "இன்னும் வரலாமா? இன்னும்?" என்று கத்துகிறான். கேமராவைப் பிடித்திருப்பவர் "வா, வா, வா" என்கிறார். பிறகு தண்ணீர்ச் சத்தம்.

கோப்பின் பெயரில் தவறில்லை. MVI_0012. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்வாள். போன ஆகஸ்டில், கோடை முடிவில் எல்லோரும் கூடித் தின்னும் ஆற்றிறால் விருந்தன்று அவள் எடுத்த அரை நிமிட வீடியோ அது. அந்தக் கேமராவால் அரை நிமிடத்துக்கு மேல் பதிய முடியாது. அக்கா மைலிஸ் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு, ஓர் இறாலைத் தூக்கிப் பிடித்துப் பேசுகிறாள், சிரிக்கிறாள், கடைசியில் குவளையை உயர்த்தி, அன்றைக்கு அங்கே இல்லாத மகளுக்கு ஒரு வார்த்தை சொல்கிறாள். மார்ச்சில் மைலிஸ் இறந்துபோனாள். அவள் குரல் இருக்கிற ஒரே இடம் அந்த அரை நிமிடம்தான்.

அந்த மகள் தீரா இன்று மதியம் லூலியோவிலிருந்து பேருந்தில் வருகிறாள். இத்தனை மாதமாக அதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. போன வாரம்தான் தொலைபேசியில் சொன்னாள்: "சித்தி, இந்தத் தடவ பாத்துடறேன். அம்மா எனக்கு என்னமோ சொன்னான்னியே, அத நீ சொல்லிடாத. அவ வாயாலயே கேட்டுக்கறேன்."

"சிக்ஸ்டன்!"

சமையலறையில் காபி ஊற்றும் சத்தம் நின்றது.

"என்ன?"

"இங்க வா."

"இப்பதான் ஊத்துனேன், ஆறிடும்."

"ஆறட்டும்!"

சிக்ஸ்டன் கோப்பையோடே வந்தான். திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, நம்ம ரூனே! இந்த நாள் ஞாபகம் இருக்கா? படக விடுறேன்னு காரையும் சேத்து விட்டுட்டானே!"

"மைலிஸ் எங்க?"

"மைலிஸா? அவ எப்படி இதுல இருப்பா? இது எங்க ஆளுங்க படமாச்சே."

"அதத்தான் நானும் கேக்குறேன். எங்க ஆளுங்க எங்க?"

இருவருக்கும் கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. குன்வோர் தன் பிறந்த வீட்டுப் பெயரை விடவில்லை. அவள் Åberg, தலையில் வட்டம் வைத்த A. அவன் Öberg, தலையில் இரண்டு புள்ளி வைத்த O. முதலெழுத்தைத் தவிர எல்லாம் ஒன்று. கல்யாண விருந்தில் யாரோ ஆரம்பித்த கேலி இரண்டு குடும்பங்களுக்கும் பட்டப்பெயராகவே நிலைத்துவிட்டது: இவர்கள் வட்டம், அவர்கள் புள்ளி. சுவீடன் மொழியின் அகரவரிசையில் இந்த எழுத்துகள் Z-க்கும் பிறகு வரும். வட்டம் முன்னால், புள்ளி எல்லாவற்றுக்கும் கடைசி. தொலைபேசிப் புத்தகமானாலும் பள்ளி வருகைப் பதிவானாலும் புள்ளிக்காரர்கள் கடைசிப் பக்கத்தில்தான். அதனாலோ என்னவோ, எந்தப் பேச்சிலும் கடைசி வார்த்தை தங்களுடையதாக இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டாரின் ரத்தத்தில் ஊறியிருந்தது.

கணினியிலும் இரண்டு கோப்புறைகள் இருந்தன: வட்டத்துக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று. இப்போது இரண்டுமே இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கோப்புறை. அதன் பெயர் _berg. முதலெழுத்துக்குப் பதில் தரையில் கிடக்கும் ஒரு கோடு.

"ஓ, அதுவா" என்றான் சிக்ஸ்டன். "பேரக் கொஞ்சம் மாத்தியிருக்கு. உள்ள எல்லாம் பத்திரமா இருக்கும்."

குன்வோர் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ரூனே. ரூனேயின் பேரன். ரூனே கட்டிய கொட்டகை, முன்பக்கம். ரூனே கட்டிய கொட்டகை, பின்பக்கம். மாமியாரின் தொண்ணூறாவது பிறந்தநாள் கேக். கீழே போகப் போக, திடீரென்று புள்ளிக்காரர்கள் தீர்ந்துபோனார்கள். அதன் பிறகுதான் அவளுடைய விருந்து தொடங்கியது. அல்லது முடிந்தது. காலி நாற்காலிகள். தட்டில் குவிந்த இறால் ஓடுகள். மேஜையில் கவிழ்ந்து கிடந்த ஒரு காகிதத் தொப்பி.

"பாத்தியா, இருக்கே!" என்றான் சிக்ஸ்டன்.

"தொப்பி இருக்கு" என்றாள் குன்வோர். "தலையக் காணோம்."

நடந்தது என்னவென்று அவளுக்குப் புரியத் தொடங்கியது. இரண்டு குடும்பங்களின் படங்களையும் எடுத்தது ஒரே கேமரா. அதன் நினைவக அட்டையைக் காலி செய்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே வட்டத்திலும் ஒன்றாம் எண் படம் உண்டு, புள்ளியிலும் உண்டு. வேறு வேறு கோப்புறையில் இருந்தவரை தொந்தரவில்லை. ஒரே எண் கொண்ட வீடுகள் இரண்டு தெருக்களில் இருப்பது போலத்தான். தெருக்களின் பெயர் அழிந்து இரண்டும் ஒரே தெருவானால், பின்னால் வருகிறவன் முன்னால் வந்தவன் வீட்டுக்குள் நுழைந்து அவன் சாமான்களை வெளியே எறிந்துவிட்டு உட்கார்ந்துகொள்வான்.

பின்னால் வருகிறவன் யார்? அகரவரிசையில் கடைசி யாரோ அவன்.

"சிக்ஸ்டன், புதுக் கம்ப்யூட்டர்ல கட்ட அவிழ்க்குறப்போ அது உன்ன ஏதாவது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. கேட்டுக்கிட்டே இருந்துச்சு, சனியன். இந்தப் பேர்ல ஏற்கனவே ஒண்ணு இருக்கு, மாத்திடவா, மாத்திடவான்னு. நாலஞ்சு தடவ பாத்தேன். அப்புறம் 'எல்லாவற்றுக்கும் ஆம்' அமுக்கிட்டேன்."

"அமுக்கிட்ட."

"பின்ன? உக்காந்து நூறு தடவ அமுக்கவா?"

குன்வோர் நாற்காலியைத் திருப்பி அவனை நேராகப் பார்த்தாள்.

"பாக்காவப் போடுன்னு சொன்னேனா இல்லையா?"

சொல்லியிருந்தாள். ஜூனில் புதுக் கணினி வாங்கியபோது, பழையதில் இருந்ததையெல்லாம் கட்டி, குறுந்தட்டில் ஏற்றி, புதியதில் அவிழ்க்க வேண்டியிருந்தது. அதற்கு எந்த மென்பொருள் என்பதில் ஒரு வாரச் சண்டை. குன்வோர் பழகியது பாக்கா. ஊமியோவில் ஒரு மாணவன் எழுதியது, கொஞ்சம் மெதுவானது. ஆனால் சுவீடன் மொழியில் பேசும், வட்டமும் புள்ளியும் அதற்குத் தெரியும். சிக்ஸ்டனுக்கு அது ஆகவில்லை. நகராட்சியில் நில அளவையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பனி தள்ளும் மண்வாரியைக்கூட 'தேர்வில் முதலிடம்' என்ற முத்திரை இல்லாமல் வாங்கமாட்டான். கணினிப் பத்திரிகை ஒன்றின் தேர்வு அட்டவணையை வெட்டி எடுத்து, குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினான். முதலிடத்தில் க்லெம் என்ற வெளிநாட்டு மென்பொருள். அசலை மூன்றில் ஒரு பங்காகக் குறுக்குகிறதாம். பாக்கா ஐந்தாமிடம்.

"அஞ்சாவது, குன்வோர்! அஞ்சாவது!" என்று அன்று கொக்கரித்தான். "எல்லாத்தையும் ஒரே சிடியில அடக்கிக் காட்டறேன் பாரு."

குறுக்குவது என்றால் என்ன என்று அவன் யோசிக்கவே இல்லை. குன்வோர் யோசித்திருந்தாள். இந்த மென்பொருள்கள் எதுவும் எதையும் நசுக்குவதில்லை. திரும்பத் திரும்ப வருவதைத் தேடுகின்றன, அவ்வளவுதான். ஒரு கடிதத்தில் 'ஹேர்னசாண்ட் நகராட்சி' என்று இருபது இடங்களில் வந்தால், முதல் தடவை முழுதாக எழுதிக்கொள்ளும். மற்ற இடங்களில் 'இவ்வளவு தூரம் பின்னால் போய் இவ்வளவு எழுத்தை எடுத்துக்கொள்' என்று ஒரு குறிப்பை வைத்துவிடும். அவிழ்க்கும்போது அந்தக் குறிப்புகளைப் பின்பற்றினால் அசல் ஓர் எழுத்துகூடக் குறையாமல் திரும்பி வந்துவிடும். எழுத்து ஆவணங்களில் இது அற்புதமாக வேலை செய்யும், ஏனென்றால் மனிதர்கள் சொன்னதையே சொல்கிறவர்கள். ஆனால் கேமரா, படத்தைச் சேமிக்கும்போதே இப்படி எடுக்கக்கூடிய மிச்சத்தையெல்லாம் எடுத்துவிடுகிறது. மடித்து வைத்த சட்டையை இன்னொரு தடவை மடிப்பதுபோலத்தான் அதை மறுபடி குறுக்குவது. எந்த மென்பொருளானாலும் படங்கள் அப்படியேதான் இருக்கும். பத்திரிகைக்காரர்கள் எழுத்து ஆவணங்களை வைத்துத் தேர்வு நடத்தியிருந்தார்கள். அது அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது. அதன்மேல்தான் சிக்ஸ்டன் காந்தத்தை வைத்திருந்தான்.

ஒரே தட்டில் அடங்கவில்லை. இரண்டு தேவைப்பட்டன. அதை அவன் அவளிடம் சொல்லவே இல்லை. தட்டுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

"எழுத்துக்கு வந்த வம்பு இது, வேணும்னு செஞ்சதில்ல" என்றான் இப்போது. "பழைய கம்ப்யூட்டர்ல க்லெம்மோட பழைய பதிப்பு. இதுல புதுசு. ரெண்டுக்கும் ஒத்துப்போகல. அது என் தப்பா?"

அந்த அளவில் அவன் சொன்னது சரிதான். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஓர் அட்டவணை வைத்திருக்கும். பழைய கணினியின் அட்டவணையில் வட்டத்துக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண். கட்டுக்குள் அந்த எண்கள் அப்படியே பதிந்திருக்கின்றன. புதிய க்லெம் வேறு அட்டவணையைப் புரட்டிப் பார்த்து, அந்த எண்களைக் காணாமல், தெரியாத எழுத்துக்கெல்லாம் கோடு போட்டுவிட்டது. இரண்டும் கோடு. இருபத்தாறு எழுத்தோடு வாழ்கிறவர்கள் எழுதிய மென்பொருளுக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை.

"அந்த முட்டாள் மிஷினுக்கு ரெண்டும் ஒண்ணு" என்றாள் குன்வோர். "அதுக்கு வட்டமும் தெரியாது, புள்ளியும் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல? முப்பது வருஷமா என் பேர எழுதுற இல்ல? அது உன்கிட்ட கேட்டிருக்கு, சிக்ஸ்டன். இங்க ஒருத்தி உக்காந்திருக்கா, தூக்கிப் போட்டுடவான்னு கேட்டிருக்கு. நீ ஆமான்னிருக்க. எல்லாத்துக்கும்!"

"கத்தாத. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! கேமரா அட்டை?"

"அத... அழிச்சாச்சு. ரூனேயோட படகு எடுக்கறப்போ."

"பழைய கம்ப்யூட்டர்?"

"படகுச் சங்கத்துக்குக் குடுத்துட்டோமே. சுத்தமாத் துடைச்சுத்தான் குடுத்தேன்" என்றான், அதில் கொஞ்சம் பெருமையோடு. உடனே முகம் மாறியது.

"சிடி ரெண்டும்?"

சிக்ஸ்டனின் கண் அவள் தோளுக்கு மேலாக ஜன்னலுக்குப் போனது. குன்வோர் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே செர்ரி மரத்தில், மீன்பிடி நரம்பில் கட்டிய குறுந்தட்டுகள் ஜூலை வெயிலில் மின்னிச் சுழன்றுகொண்டிருந்தன.

குன்வோர் ஜன்னலோரம் போய் நின்றாள்.

"பறவை விரட்டவா?"

"எல்லாரும்தான் கட்டறாங்க! அவிழ்த்தாச்சு, இனி எதுக்குன்னு..."

"ஏணிய எடு."

அவன் ஏணி எடுத்து வருவதற்குள் அவள் செருப்பில்லாமலே புல்லில் இறங்கி மரத்தடியில் நின்றாள். கிளை நிறையப் பறவைகள். சாம்பல் தலை, மார்பெல்லாம் கரும்புள்ளி. ஒரு தட்டுக்கு அருகிலேயே உட்கார்ந்து ஒன்று நிதானமாகச் செர்ரியைக் குத்தித் தின்றது. தட்டு சுழன்று வந்து அதன் வாலில் இடித்தபோது ஓரடி நகர்ந்து உட்கார்ந்தது.

"ரொம்பப் பயப்படுதுங்க" என்றாள் குன்வோர். "இந்த யோசனையும் தேர்வில் முதலிடமா?"

"ஏணியப் பிடி, குன்வோர்."

"மாட்டேன்."

ஐந்து தட்டுகள் தொங்கின. மூன்று, இணையக் கம்பெனிக்காரர்கள் தபாலில் இலவசமாக அனுப்பியவை, முதுகில் படம் அச்சடித்தவை. வெறும் முதுகோடு இருந்தவை இரண்டு. அவன் பேனாவால் எழுதியிருந்த எண்ணை மழை அழித்திருந்தது. இரண்டையும் இறக்கினான். அவள் அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

சமையலறைத் தொட்டியில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினாள். துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்தாள், சுற்றிச் சுற்றி அல்ல. தட்டில் பதிவுத் தடம் வட்டமாகச் சுற்றி ஓடுகிறது. சுற்றித் துடைத்தால் ஒரு கீறல் தடத்தோடு கூடவே ஓடி எல்லாவற்றையும் கெடுக்கும், குறுக்கே விழுந்தால் தாண்டிவிடலாம். பளபளக்கும் பக்கம் பரவாயில்லை. பிறகு திருப்பினாள்.

சிக்ஸ்டன் எட்டிப் பார்த்தான். "அந்தப் பக்கம் எதுக்கு? அதுல எதுவும் இல்லையே."

"எல்லாமே இந்தப் பக்கம்தான் இருக்கு, கிழவா. கீழ இருக்குறது வெறும் பிளாஸ்டிக். படிக்க வேண்டியது மேல, இந்த வார்னிஷுக்கு அடியில. வார்னிஷ் போனா அதுவும் போச்சு."

தட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். ஒன்று முழுதாக இருந்தது. மற்றதில், விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில், கிளை உரசிய இடத்தில், நகக்கண் அளவு வெளிச்சம் ஊசியாக வந்தது.

இரண்டையும் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். முழுதாக இருந்தது இரண்டாவது தட்டு. ஓட்டை விழுந்தது முதல் தட்டு.

சிக்ஸ்டன் நாற்காலியில் உட்கார்ந்து க்லெம்மைத் திறந்தான். அவள் விட்டாள், ஒரு தடவை பார்க்கட்டும். திரையில் பட்டை ஓடியது, பாதிக்குப் பக்கத்தில் நின்றது, தட்டு உள்ளே முனகியது. பிறகு ஒரு வரி: கட்டு பழுதடைந்துள்ளது. அதோடு, அதுவரை அவிழ்த்ததையெல்லாம் தானே அழித்துவிட்டது.

"ஏன் அழிக்குது?" என்று சிக்ஸ்டன் கத்தினான். "வந்த வரைக்கும் குடுத்தா என்ன?"

"முழுசா இல்லைன்னா வேண்டாம்னு நெனக்குது. உன்ன மாதிரியே. எழுந்திரு."

எழுந்தான்.

"கட்டறப்போ என்ன தேர்ந்தெடுத்த? அதுல ரெண்டு வழி இருந்திருக்குமே. தனித்தனியாக் கட்டவா, ஒரே தொடராக் கட்டவான்னு?"

சிக்ஸ்டன் தாடையைச் சொறிந்தான். "தொடர்தான். அதுலதான் இன்னும் சின்னதாகும்னு போட்டிருந்துச்சு."

அப்படியென்றால் எல்லாக் கோப்புகளும் ஒரே நூலில் பின்னிய கம்பளிச் சட்டை. ஒவ்வொரு கோப்பும் தனக்கு முன்னால் வந்த கோப்பைச் சுட்டி 'அங்கே போய் எடுத்துக்கொள்' என்கிறது. தனித்தனியாகக் கட்டியிருந்தால் ஓட்டை விழுந்த ஒரு கோப்புதான் போயிருக்கும். தொடரில், ஓட்டைக்குப் பிறகு வருகிற அத்தனையும் போயிற்று. எங்கே போய் எடுப்பது என்று தெரியாமல் நிற்கும். இதையும் அவள் சொன்னாள், கத்தாமல், ஒவ்வொரு சொல்லாக. கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எவ்வளவு மிச்சமாச்சு, இந்தத் தொடரால? படங்கள்ல எவ்வளவு குறைஞ்சுச்சு? சொல்லு."

"...ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல" என்றாள் அவளும்.

அவள் பாக்காவை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது கதவு மணி அடித்தது.

தீரா அம்மாவின் உயரம், அம்மாவின் நடை. கூடத்திலேயே பையைப் போட்டுவிட்டுச் சித்தியைக் கட்டிக்கொண்டாள். பிறகு விலகி, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, மறுபடியும் சண்டையா? தெருவுல வர்றப்பவே ஏணி தெரிஞ்சுது. யார் யாரத் தள்ளிவிட்டீங்க?"

"காபி குடிக்கிறியா?" என்றான் சிக்ஸ்டன் அவசரமாக.

"காபி அப்புறம்" என்றாள் குன்வோர். "தீரா, ஒண்ணு சொல்றேன், உக்காரு. உங்கம்மா வீடியோ போயிடுச்சு. இந்தாளு அதுமேல தன் தம்பி படகக் கொண்டாந்து ஏத்திட்டான். ஒரு பிரதி மரத்துல தொங்கிட்டு இருந்துச்சு. அதுல ஓட்டை. ஓட்டைக்கு முன்னாடி இருந்தா வரும், பின்னாடி இருந்தா வராது. வருமா வராதான்னு எனக்கே தெரியாது. நீ வர்றதுக்குள்ள சரி பண்ணி, ஒண்ணும் நடக்காத மாதிரி காட்டிடலாம்னு பாத்தேன். முடியல."

தீரா உட்காரவில்லை. வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. "மரத்துலயா?" என்றாள்.

"செர்ரி மரத்துல. பறவைக்கு."

தீரா சிக்ஸ்டனைப் பார்த்தாள். அவன் கோப்பையைப் பார்த்தான். ஒரு மனிதனைத் திட்ட எத்தனையோ சொற்கள் அவள் வாய்வரை வந்து திரும்பிப் போனதைக் குன்வோர் பார்த்தாள். கடைசியில் தீரா சொன்னது: "பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன், சித்தி. மார்ச்லயே பாத்திருக்கணும்."

அதுதான் குன்வோரை உடைத்தது. தப்பு செய்தவன் நிற்க, இவள் தன்மேல் போட்டுக்கொள்கிறாளே.

"நீ ஒரு மண்ணும் தப்பு பண்ணல! இந்த வீட்டுல யாரு தப்பு பண்ணாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்!" என்று மேஜையில் ஓங்கி அடித்தாள். மௌஸ் துள்ளியது.

பாக்கா திறந்தது. அவள் புதிதாக ஒரு காலிக் கோப்புறையை உண்டாக்கி, அதில் அவிழ்க்கச் சொன்னாள். பாக்கா ஒரு பெயரைக் காட்டிக் கேட்டது: எந்த அட்டவணை? முதல் அட்டவணையில் பெயரின் தலையில் ஏதோ கட்டம் வந்தது. அடுத்ததில் கேள்விக்குறி. மூன்றாவதில் Åberg என்று, தலையில் வட்டத்தோடு வந்து நின்றது. குன்வோர் அதை அழுத்தினாள். பாக்கா இன்னொன்றும் கேட்டது: பழுதான கோப்புகளையும் வைத்துக்கொள்ளவா?

இந்த ஒரு கேள்விக்கு ஆம் என்றாள்.

தட்டு சுழன்றது. குறுந்தட்டு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி எழுதப்படுவது. கட்டுக்குள் வட்டம் முன்னால், புள்ளி பின்னால். ஓட்டைக்கு இப்பால் இருக்கிறதெல்லாம் அவள் வீட்டார். ஒவ்வொரு பெயராக வந்தது. முதலில் படங்கள், I என்ற எழுத்தில் தொடங்குகிறவை. தொப்பி போட்ட மைலிஸ். இறாலை உறிஞ்சும் மைலிஸ். கண்ணை மூடிக்கொண்ட மைலிஸ். ஓடுகள், நாற்காலிகள், கவிழ்ந்த தொப்பி. எல்லாப் படங்களும் வந்தன. வீடியோவின் பெயர் M-இல் தொடங்குவதால் அது கோப்புறையின் கடைசியில் இருந்தது.

MVI_0012 என்ற பெயர் வந்தது. தட்டு முனகியது. நின்றது. மறுபடி முனகியது. பாக்கா எழுதியது: இந்தக் கோப்பு முழுமையாக இல்லை. இதற்குப் பின் எதுவும் படிக்க முடியவில்லை.

குன்வோர் சொடுக்கினாள்.

"பாரு குன்வோர், இதோட மூஞ்சியப் பாரு" என்றாள் மைலிஸ். காகிதத் தொப்பி ஒரு காதின்மேல் சரிந்திருந்தது. இறாலைக் கேமராவுக்கு முன்னால் ஆட்டினாள். "கையேடு படிக்கிறப்போ உன் புருஷன் மூஞ்சி இப்படித்தான் இருக்கும்." சிரித்தாள். மூச்சு வாங்கிச் சிரித்தாள், கடைசியில் எப்போதும் வருகிற அந்தச் சின்ன இருமலோடு. பிறகு யாரோ பக்கத்தில் வந்தது தெரிந்தது. ஒரு கை கேமராவை நோக்கி நீண்டது. "சிக்ஸ்டன், அதுல கை வெக்காத! ஓடிக்கிட்டு இருக்கு! நீ எதையாவது அமுக்கி..."

படம் உறைந்தது. மைலிஸின் பாதி முகம் சாம்பல் கட்டங்களாக உதிர்ந்திருந்தது.

சிக்ஸ்டன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தான். காது வரை சிவந்திருந்தான்.

தீராவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று குன்வோரால் சொல்ல முடியவில்லை, இரண்டும்தான் போலிருந்தது. "இன்னொரு தடவ" என்றாள். குன்வோர் போட்டாள். மூஞ்சி, சிரிப்பு, இருமல், கை வெக்காத. "இன்னொரு தடவ." போட்டாள்.

மூன்றாவது தடவை படம் உறைந்தபோது தீரா கையை நீட்டி, திரையில் உதிராமல் மிஞ்சிய கன்னத்தின்மேல் ஒரு விரலை வைத்தாள்.

"எனக்குச் சொன்னது இதுக்கு அப்புறமா?"

"ஆமா."

"அது வராதா?"

"வராது."

தீரா தலையாட்டினாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "அப்ப நீ சொல்லு, சித்தி."

குன்வோருக்கு அது சொல்லுக்குச் சொல் மனப்பாடம். ஆனால் அதைத் தன் வாயால் சொன்னால் அது தன் குரலாகிவிடும். இனி தீரா எப்போது நினைத்தாலும் சித்தியின் குரலில்தான் நினைப்பாள். போனது அந்தச் சொற்கள் அல்ல, மைலிஸின் குரல். முப்பது வருடத்தில் இவ்வளவு கோபம் அவளுக்கு வந்ததில்லை. அந்தக் கோபத்தோடேயே எழுந்தாள். சிக்ஸ்டனின் ஆறிப்போன காபிக் கோப்பையை அவன் கையிலிருந்து வாங்கினாள். மைலிஸ் உயர்த்தியது போலவே, கொஞ்சம் கோணலாக, உயர்த்தி வாழ்த்தினாள்.

"ஸ்கோல், என் தீரா. அடுத்த வருஷம் நீ இங்க இல்லைன்னா உன் பங்கு இறாலையும் நானே தின்னுடுவேன், அழக் கூடாது."

வெளியே பறவைகள் செர்ரிக்குச் சண்டை போட்டன.

சிக்ஸ்டன் தொண்டையைச் செருமினான். "அதுக்கப்புறம் இன்னொண்ணும் சொன்னா. நானும் பக்கத்துலதான இருந்தேன், அவ..."

"நீ பேசாத" என்றாள் குன்வோர். "இன்னிக்குக் கடைசி வார்த்த எங்களோடது."

அவன் வாயை மூடினான். பிறகு சமையலறைக்குப் போனான். குளிர்பெட்டிக் கதவிலிருந்து காந்தம் கழன்று விழும் சத்தமும், காகிதம் கசங்கும் சத்தமும் கேட்டன.

"சித்தி" என்றாள் தீரா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அந்த இருமல் வர்ற இடத்துலேர்ந்து இன்னொரு தடவ."